குழல் ஆர்கன் தந்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் ஆர்மோனியப் பெட்டியை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. தேவாலயத்திலும் நாடகக் கொட்டகையிலும் அதன் ஒலி கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தென் திருவிதாங்கூர்க்காரரான ஜே. சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ பேசாப் படம் என்பதும் நாம் அறிந்ததே. அத்தகைய படங்களுக்கு மேனாட்டுக் கொட்டகைகளில் உயிரூட்டிய பெருங்கருவி குழல் ஆர்கன். அதனைக் கொட்டகைக்கு ஏற்ற வடிவில் அமைத்துத் தந்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

அவர் 1859-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் பிறந்தார். இளமையிலேயே தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். பிழைப்புக்குத் தொலைபேசிக் கம்பெனியில் மின்பொறியாளரானார்.

அந்நாளைய ஆர்கனில் கட்டையை அழுத்தினால், மரச் சட்டங்களும் கம்பிகளும் இழுபட்டு, எங்கோ உள்ள குழலின் காற்றுக்கதவு திறக்கும். கருவி பெரிதாகப் பெரிதாக விரல் நோகும். வாசிப்பவர் குழல்களை விட்டுத் தொலைவில் அமரவும் இயலாது. மின்சாரத்தைப் பயன்படுத்த முன்னரே சிலர் முயன்றதுண்டு. ஆயினும் தொலைபேசித் தொழிலின் நுட்பத்தை இதனுட் புகுத்தியவர் ஹோப்-ஜோன்ஸே. கட்டை மின்தொடர்பை மூட்டும். கம்பி வழியே மின்னோட்டம் சென்று காந்தத்தை இயக்கும். அதன் பயனாய்க் காற்றுக்கதவு திறக்கும். பர்க்கன்ஹெட் நகரப் புனித யோவான் ஆலயத்தில் 1880-களில் அவர் அமைத்த ஆர்கனின் வாசிப்பு மேசையை ஆலய முற்றத்துக்கே கொண்டுசென்று வாசிக்கலாயிற்று!

ஒரே கிணற்றில் பல வீட்டார் நீர் முகப்பதுபோல, ஒரே குழல் வரிசையைப் பல கட்டைப் பலகைகளும் பல சுருதி நிலைகளும் பங்கிட்டுக்கொள்ளும்படியும் செய்தார். இடம் குறைந்த கொட்டகைக்கு இதனினும் ஏற்றது வேறில்லை. மேடையின் பக்கங்களிலுள்ள அறைகளுள் குழல்களை நிறுவி, முன்னே பலகைக் கதவுகளைப் பொருத்துவர். அவை திறந்தால் முழக்கம்; மூடினால் மென்மை. முரசும் மணியும் அதே மேசைக்கு அடங்கும். ஓர் ஆள் அமர்ந்தால் ஒரு வாத்தியக் குழுவே அமர்ந்தாற்போல.

பணக்கணக்கு மட்டும் அவருக்குக் கைவரவில்லை. 1903-இல் அமெரிக்கா சென்றார். 1907-இல் எல்மைரா நகரில் தொடங்கிய சொந்தக் கம்பெனி 1910-இல் உர்லிட்சர் நிறுவனத்தார் கைக்கு மாறிற்று. முடிந்த கருவியையும் பிரித்துத் திருத்துவது அவர் இயல்பு. செலவுக்கு அஞ்சிய நிறுவனம், சம்பளத்தை மட்டும் கொடுத்து, தொழிற்சாலைக்குள் வராதவாறு அவரை விலக்கிவைத்தது. நிறுவனத்தை முற்றும் பழிப்பதற்கில்லை. எனினும் தாம் கண்ட கருவி உருவாகும் கூடத்துள் தாமே நுழைய இயலாமை எத்துணைக் கொடிது! 1914 செப்டம்பர் 13-இல், 55-ஆம் வயதில், ராசெஸ்டர் நகரில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

அவர் கருவிக்குப் பொற்காலம் பிறந்ததோ அதன் பின்னரே. உர்லிட்சர் நிறுவனம் 2,000-க்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்தது. 1927-இல் ‘ஜாஸ் சிங்கர்’ வெளிவந்து பேசும் படங்கள் பெருகவே, பல கொட்டகைகளில் அவை வாய்மூடின, பல பிரித்தெடுக்கப்பட்டன. எஞ்சியவற்றுள் ஒன்று, நியூயார்க் நகர ரேடியோ சிட்டி மண்டபத்தில் 1932-இல் நிறுவப்பெற்றது. அதற்கு 4,410 குழல்கள். மேடையின் இருபுறமும் இரண்டு வாசிப்பு மேசைகள். குழல்களோ சுவர்களுக்கு அப்பால், கம்பியின் மறுமுனையில்.