அய்யா வைகுண்டர் யார்? அவதாரமா, சீர்திருத்தவாதியா, ஒரே வரியில் எழுத ஏன் முடியவில்லை?

விக்கிப்பீடியாவில் ஒருவரைப் பற்றிய கட்டுரை, அவர் யார் என்று சொல்லும் ஒரு வரியில்தான் தொடங்கும். நடிகர், விஞ்ஞானி, முன்னாள் முதல்வர் என்றால் பிரச்னையே இல்லை. அய்யா வைகுண்டர் என்று வரும்போது அந்த முதல் வரியிலேயே தகராறு தொடங்கிவிடும்.

அவரை வணங்கும் மக்களுக்கு அவர் நாராயணரின் அவதாரம். ஆய்வாளர்கள் பலருக்குச் சாதிக் கொடுமையை எதிர்த்த சீர்திருத்தவாதி. அந்தக் காலத்து மிஷனரிகள் எழுதிய குறிப்புகளில், கிறிஸ்தவம் பரவுவதற்குக் குறுக்கே நின்ற ஒரு பனையேறி. திருவிதாங்கூர் அரசுக்கோ, பிடித்து உள்ளே வைக்க வேண்டிய ஆள்.

பழைய கதைதானே என்று விட்டுவிடவும் முடியாது. சனாதன தர்மத்தைக் காக்க வந்தவர் வைகுண்டர் என்ற பொருளில் 2024 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என்.ரவி பேசினார். சாமித்தோப்பைச் சேர்ந்த பாலபிரஜாபதி அடிகளார் உடனே அதை மறுத்தார். 1851-ல் மறைந்த ஒருவரின் அடையாளம் இன்னும் சண்டையில் இருக்கிறது. அப்படி என்னதான் நடந்தது?

பெயரிலேயே தொடங்கிய சிக்கல்

கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், இன்று சாமித்தோப்பு என்று அழைக்கப்படும் ஊரில் 1809 வாக்கில் அவர் பிறந்தார். அப்பா பொன்னு நாடார், அம்மா வெயிலாள். குழந்தைக்கு வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். பனையேறும் குடும்பத்துப் பிள்ளைக்கு ராஜா மாதிரி பெயரா என்று மேல்சாதியினர் எதிர்க்க, அது முத்துக்குட்டி ஆனது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

பெயருக்கே இவ்வளவா என்று தோன்றலாம். அன்றைய தென்திருவிதாங்கூரில் நாடார்களுக்கு இருந்த தடைகளைப் பார்த்தால் இது சின்ன விஷயம். தலைக்கு வரி, பனைக்கு வரி. கூலி இல்லாத கட்டாய வேலை, அதற்கு ஊழியம் என்று பெயர். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. மேல்சாதியினர் முன்னால் மார்பை மறைக்கவும் கூடாது.

தென்காசிக்காரர்களுக்கு இது எங்கேயோ நடந்த கதை இல்லை. இலத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் செங்கோட்டையும் அதே திருவிதாங்கூர் சமஸ்தானத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் அது தமிழகத்தோடு சேர்ந்தது. வைகுண்டரைச் சிறையில் அடைத்த அரசின் எல்லை குற்றாலம் மலைப் பக்கம் வரை நீண்டிருந்தது.

இந்த அடக்குமுறையிலிருந்து வெளியேற அப்போது கண்ணுக்குத் தெரிந்த ஒரே வழி, மதம் மாறுவது. 1806-ல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் லண்டன் மிஷன் நாகர்கோவிலில் வேரூன்றியது. பள்ளிக்கூடம் கிடைத்தது, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணிய அனுமதியும் கிடைத்தது. முத்துக்குட்டி வளர்ந்தது இந்தச் சூழலில்தான்.

திருச்செந்தூர் கடலில் என்ன நடந்தது?

இருபது வயதைத் தாண்டியதும் அவர் கடுமையாக நோய்வாய்ப்பட்டார். 1833 மாசி மாதத்தில் குடும்பத்தார் அவரைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கடலுக்குள் இறங்கியவர் மூன்றாம் நாள் வைகுண்டராக வெளியே வந்தார், முத்துக்குட்டி என்ற மனிதர் அதோடு முடிந்துவிட்டார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. மாசி 20-ஐ அவதார தினமாகக் கொண்டாடுகிறார்கள். நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்குப் போகும் ஊர்வலத்தில் பெருங்கூட்டம் சேரும்.

நடுநிலையாக எழுத நினைப்பவர் திணறும் இடம் இதுதான். கடலுக்குள் நடந்ததை நேரில் பார்த்ததுபோல் எழுதினால் அது கலைக்களஞ்சியம் இல்லை. நோயின் விளைவு என்று டாக்டர் மாதிரி தீர்ப்பு சொன்னால் அதுவும் இட்டுக்கட்டல்தான். ஏன்னா, 1833-ல் அவரைச் சோதித்துப் பார்த்த மருத்துவக் குறிப்பு யார் கையிலும் இல்லை. போனவர் ஒருவராகப் போய், வேறொருவராகத் திரும்பினார் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மீதியை, நம்புகிறார்கள் என்ற ஒரு சொல்லோடு எழுதலாம்.

ஊர் திரும்பியவர் ஆறு வருடம் தவம் இருந்தார். கூட்டம் கூடத் தொடங்கியது. பலி கொடுக்க வேண்டாம், பேய்களுக்குப் பயந்து சாக வேண்டாம் என்றார். எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளிக்கவும் தண்ணீர் குடிக்கவும் வைத்தார். சாமித்தோப்பில் இருக்கும் முத்திரிக் கிணறு அதுதான். சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிட வைத்தார். ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் வழிபட வேண்டும் என்றார். மேல்சாதியினர் முன்னால் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்க வேண்டியிருந்த ஊரில், அது எவ்வளவு பெரிய மீறல் என்று யோசித்துப் பாருங்கள்.

பதிகளில் சிலை கிடையாது, கண்ணாடிதான். கும்பிடப் போகிறவர் தன் முகத்தையே பார்ப்பார்.

சிறை

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்குச் சுவாதித் திருநாளைத் தெரிந்திருக்கும். அதே ராஜாதான் வைகுண்டரைக் கைது செய்ய வைத்தவர். மேல்சாதியினரின் புகார் ஒரு காரணம். ராஜாவையே நீசன் என்று குறிப்பிட்டது இன்னொன்று. வெள்ளைக்காரரையும் விடவில்லை, அவர்களுக்கு வெண்நீசன் என்று பெயர். சுசீந்திரத்தில் வைத்து, பிறகு திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். 1839-ல் விடுதலையானார்.

புலிக்கூண்டுக்குள் விட்டும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது பக்தர்கள் சொல்வது. அதைவிட முக்கியமான ஒரு செய்தியும் அதே மரபில் இருக்கிறது. சொந்தச் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றார்களாம். அவர் மறுத்துவிட்டாராம். அற்புதத்தைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இதை மறந்துவிடும் கட்டுரைகள் நிறைய.

வெளியே வந்த பிறகு சுமார் 700 குடும்பங்களைத் துவையல் பந்தி என்ற பெயரில் கடலோரத்தில் தங்க வைத்தார். தினமும் துவைத்த துணி, பல முறை குளியல், சைவச் சாப்பாடு. அசுத்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அவர் கொடுத்த பயிற்சி இது.

யார் எழுதியதை நம்புவது?

அச்சான, நம்பகமான ஆதாரம் காட்டு என்பது கலைக்களஞ்சியத்தின் விதி. நல்ல விதிதான். ஆனால் வைகுண்டர் விஷயத்தில் அது ஒரு பக்கமாகச் சாய்கிறது. அவர் வாழ்க்கையைச் சொல்லும் அகிலத்திரட்டு அம்மானையை 1841 வாக்கில் அவருடைய சீடர் அரிகோபாலன் ஓலையில் எழுதினார் என்பது மரபு. அது அச்சேறியது 1939-ல். மிஷனரிகளின் கையிலோ முதலிலிருந்தே அச்சு இயந்திரம் இருந்தது. லண்டன் மிஷன் அறிக்கைகளும், 1871-ல் வெளியான சாமுவேல் மட்டீரின் புத்தகமும் அவரை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து எழுதியவை. போட்டியாளர் எழுதிய ரிப்போர்ட் ஆதாரமாகிவிட, அவருடைய மக்கள் எழுதியது வெறும் புராணம் என்று ஒதுங்கிவிடும்.

அதற்காக மிஷனரி குறிப்புகளைக் குப்பையில் போடவும் வேண்டாம். அவர் பின்னால் எவ்வளவு பெரிய கூட்டம் போனது என்பதற்கு அவர்களுடைய எரிச்சலே சாட்சி! அகிலத்திலும் அந்தக் கால வரிகளின் பட்டியல், ஊழியத்தின் கொடுமை எல்லாம் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு, எது யார் சொன்னது என்று பெயர் போட்டு எழுதுவது ஒன்றுதான் வழி.

அன்பில் செய்யும் மிகைப்படுத்தலும் உண்டு. தோள்சீலைப் போராட்டத்தில் வெற்றி வாங்கித் தந்தவர் வைகுண்டர் என்று சமூக ஊடகங்களில் பரவும் பதிவுகள் ஒரு உதாரணம். நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று உத்தரம் திருநாள் அறிவித்தது 1859-ல். வைகுண்டர் அதற்கு எட்டு வருடம் முன்பே மறைந்துவிட்டார். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர்களில் கிறிஸ்தவ நாடார் பெண்களே அதிகம். தன்மானம் என்ற எண்ணத்தை வளர்த்ததில் அவருக்குப் பங்கு உண்டு என்று எழுதலாம், அதற்கு மேல் நீட்டினால் அந்தப் பெண்களின் பெயர் அழிந்துபோகும்.

அய்யாவழி தனி மதமா, இந்து மதத்தின் ஒரு பிரிவா என்ற கேள்வியும் முடியவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் இந்துக்களோடு சேர்கிறார்கள். நாராயணர், சிவன், கலி, அவதாரம் எல்லாம் அகிலத்தில் இருப்பதைக் காட்டுகிறது ஒரு தரப்பு. பூசாரியும் சிலையும் பலியும் வேண்டாம் என்றதைக் காட்டுகிறது இன்னொரு தரப்பு. பின்பற்றுபவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்தும் இருக்கும்போது, வெளியாள் உட்கார்ந்து தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

1851 ஜூன் மாதத்தில் அவர் வாழ்க்கை முடிந்தது. உடலை அடக்கம் செய்த இடத்தில்தான் இன்றைய சாமித்தோப்பு தலைமைப்பதி நிற்கிறது. இறந்தார் என்று எழுதினால் பக்தர்கள் வருத்தப்படுவார்கள், அவர்கள் கணக்கில் அய்யா வைகுண்டம் போனார். செய்தித்தாள்கள் பெரும்பாலும் மறைந்தார் என்று எழுதிவிடுகின்றன.