குழந்தை நெஞ்சின் கவிஞர் கவிமணி

வேலூரை அடுத்த அமிர்தி மலையடிவாரத்திலிருந்து நெடுந்தொலைவில், தென்கோடி நாஞ்சில் நாட்டின் தேரூரில் 1876ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 27ஆம் நாள் தேசிக விநாயகம் பிள்ளை பிறந்தார். பெற்றோர் சிவதாணுப்பிள்ளை, ஆதிலட்சுமி. ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். தேரூர் அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தமையால் பள்ளியில் அவர் பயின்றது மலையாளமே. தாய்மொழியின் இலக்கண இலக்கியங்களை வாணன்திட்டு மடத்துச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்றார். பள்ளி தராத தமிழைத் தேடிப் பெற்ற அச்சிறுவனே பின்னாளில் தமிழ்ப் பள்ளிகள்தோறும் ஒலிக்கும் பாடல்களைத் தந்தான்.

1901இல் உமையம்மையை மணந்தார். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலுமாக முப்பத்தாறு ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றி, 1931இல் ஓய்வுபெற்று, துணைவியாரின் ஊராகிய புத்தேரியில் தங்கினார். அவருக்கு மக்கட்பேறு வாய்க்கவில்லை. ஆயினும் பசுவும் கன்றும், கிளியும் காக்கையும் அவர் பாட்டில் குழந்தைகளோடு உறவாடின. புலவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட யாப்பு, ஓசை சிதையாமல் மழலை நாவுக்கும் எளிதாயிற்று. அப்பாடல்களுட் பல 1938இல் வெளிவந்த ‘மலரும் மாலையும்’ தொகுதியில் இடம்பெற்றன.

எளிமை அவருக்கு விளையாட்டு மட்டுமன்று, போர்க்கருவியுமாம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஒருவரின் சொத்து சொந்த மக்களுக்கன்றி, உடன்பிறந்தாள் மக்களுக்கே சென்றது. கணவனை இழந்த மனைவியும் அவள் பிள்ளைகளும் ஆதரவற்று நின்றனர். அக்கொடுமையை, காரணவரின் ஐந்தாம் மனைவி தன் கதையைத் தானே கூறுவதாக, நகைச்சுவையுள் கண்ணீர் பொதிந்து, ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ என்னும் நூலாக்கினார். உறவினரும் அண்டை வீட்டாரும் நாள்தோறும் காணும் தம் சமூகத்தையே நகையாடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டத்தால் அம்முறையை மாற்றியது. கருத்துப்போரில் இப்பாட்டுக்கும் பங்குண்டு.

எட்வின் ஆர்னால்டின் புத்தர் காவியத்தைத் தழுவிய ‘ஆசிய ஜோதி’யும், உமர்கய்யாம் பாடல்களும் பிறமொழிக் கருத்தைத் தமிழ் மண்ணின் விளைவாகவே காட்டுவன. ‘காந்தளூர்ச் சாலை’ அவரது கல்வெட்டாய்வுப் புலமைக்குச் சான்று. 1940இல் சென்னையில் தமிழவேள் உமாமகேசுவரனார் ‘கவிமணி’ பட்டம் வழங்கினார். 1954 செப்டம்பர் 26ஆம் நாள் கவிமணி மறைந்தார்.

அரிய சொல்லால் வியப்பூட்டல் எளிது. எளிய சொல்லால் நிலைபெறல் அரிது. பாட்டின் பெருமையைப் புலவர் அவை மட்டுமன்றித் தொடக்கப்பள்ளித் திண்ணையும் உறுதிசெய்யும் என்பதே, கவிதை நெஞ்சினர்க்கு அவர் வாழ்வு விட்டுச்சென்ற பாடமாகும்.