எழுத்தைப் படைத்த தட்டார்

எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் தம் மொழிக்கு எழுத்தையே படைத்துத் தந்தார் என்றால் நாம் நம்புவோமா? அமெரிக்காவின் செரோக்கி பழங்குடியில் பிறந்த செக்கோயா அதைச் செய்தார்.

கால் ஊனமுற்ற அவர் வெள்ளி நகை செய்யும் தட்டார். வெள்ளையர் தாளில் எழுதித் தொலைவில் உள்ளோருக்குச் செய்தி அனுப்புவதைக் கண்டார். தம் மக்களுக்கும் அவ்வாற்றல் வேண்டுமென விரும்பினார். முதலில் சொல்லுக்கு ஒரு குறி அமைத்தார். குறிகள் எண்ணற்றுப் பெருகின. பின்னர் அசைக்கு ஒரு குறியாக 86 குறிகளில் மொழி முழுவதையும் அடக்கினார். பல்லாண்டு உழைப்பு 1821-இல் கனிந்தது.

அதை முதலில் கற்றவள் அவருடைய சிறு மகள் அயோகா! ஐயுற்ற பெரியோர் தந்தையையும் மகளையும் தனித்தனியே நிறுத்திச் சோதித்தனர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் காட்டவே, ஐயம் அகன்றது.

அதன்பின் கற்றவர் கல்லாதவருக்கு வீட்டிலும் வழியிலும் கற்பித்தனர். பள்ளிக்கூடம் இன்றியே எழுத்து பரவியது. பிரிந்து வாழ்ந்த உறவினர் கடிதம் எழுதிக்கொண்டனர். 1828-இல் அம்மொழியில் செய்தித்தாளும் வெளிவந்தது. 1838-இல் அரசு அம்மக்களைத் தாயகத்திலிருந்து விரட்டியது, ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். நிலத்தை இழந்தவர்கள் எழுத்தை இழக்கவில்லை. பிரிந்து சென்ற தம் இனத்தாரைத் தேடி மெக்சிகோ சென்ற செக்கோயா, 1843-இல் அங்கேயே மறைந்தார்.

கைநாட்டு வைக்கும் பாட்டியரும் அண்டை வீட்டாரும் நம்மிடையே இன்றும் உள்ளனர் அல்லவா? இவ்விடுமுறையில் அவர்களுள் ஒருவருக்கேனும் தம் பெயரை எழுதக் கற்பிப்போம். நாம் கற்ற கல்வி நம்மோடு நின்றுவிடலாகாது.