பிரித்துப் பூட்டிக் கற்ற மேதை ஜி. டி. நாயுடு

ஆண்டு விழா மலர்களிலே புலவர் பெருமக்களின் வரலாறும் நாட்டுத் தலைவர்களின் வரலாறும் இடம்பெறுவது மரபு. இவ்வாண்டு அம்மரபிலிருந்து சற்றே விலகி, கையில் ஸ்பானர் பிடித்த ஒருவரின் வரலாற்றை எழுத முற்பட்டோம். அதற்குக் காரணம் நம் ஊரே. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் மண்ணுக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் சென்றது. அவ்வாழத்திற்கு ஆட்களை இறக்கிய இயந்திரங்களையும், காற்றைச் செலுத்திய இயந்திரங்களையும், பாறையை மேலே இழுத்த இயந்திரங்களையும் அல்லும் பகலும் பழுது நீக்கிக் காத்தவர்களுள் பலர் நம் தமிழ்த் தொழிலாளர். ஏட்டுக் கல்வி அவர்களுக்கு மிகுதியில்லை. மூத்த ஃபிட்டரின் அருகில் நின்று, அவர் கை போகும் போக்கைக் கண்டு கற்றவர்களே அவர்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுரங்கங்கள் மூடப்பட்ட பொழுது, அந்தக் கைகளிலிருந்த கல்விக்குச் சான்றிதழ் யாதும் இல்லாமற் போயிற்று. பள்ளியை விட்டு விலகிய ஒருவர் ஒரு பழைய வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியதிலிருந்து தம் கல்வியைத் தொடங்கி, பின்னர் ஒரு பொறியியற் கல்லூரிக்கே முதல்வராக அமர்ந்தார் என்னும் செய்தி இங்குள்ளோர்க்கு வெறும் வியப்புச் செய்தியன்று.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் நாள் நாயுடு அவர்கள் பிறந்தார். தந்தையார் கோபால்சாமி நாயுடு, உழவுத் தொழிலர். இயற்பெயர் துரைசாமி. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பதே சுருங்கி ஜி. டி. நாயுடு ஆயிற்று. வீட்டில் வழங்கிய மொழி தெலுங்கு. வளர்ந்ததும் வாழ்ந்ததும் தமிழ் மண். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் நம் தங்க வயலில் இதனை விளக்கத் தேவையில்லை. அன்னையாரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தார். பள்ளி அவருக்குப் பிடிக்கவில்லை. பள்ளிக்கும் அவரைப் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி இறைத்தார் என்றொரு கதை கோவை வட்டாரத்தில் இன்றும் வழங்குகின்றது. எவ்வாறாயினும் தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. தந்தையாரின் தோட்டத்தில் வேலை செய்துகொண்டே, கிடைத்த நூல்களைத் தாமாகப் படித்து வந்தார்.

இளைஞராக இருந்த காலத்தில் ஆங்கில அதிகாரி ஒருவர் அப்பகுதிக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். குதிரையின்றி, மாடின்றி, காலால் மிதிக்கவும் வேண்டாது ஓடும் இருசக்கர வண்டி ஒன்றை அவர் கண்டது அதுவே முதன்முறை. கண்ட நாள் முதல் அவருக்கு வேறு நினைவில்லை. கோவைக்குச் சென்று ஓர் உணவு விடுதியில் பரிமாறும் பணியிற் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்துச் சில நூறு ரூபாய் கையில் திரண்டதும், அந்த அதிகாரியைத் தேடிச் சென்று அவ்வண்டியையே விலைக்கு வாங்கினார். அது இங்கிலாந்தில் காவன்ட்ரி நகரத்து ரட்ஜ் நிறுவனம் செய்த வண்டி. 1912-ஆம் ஆண்டு மாதிரி.

பெரும் பொருள் கொடுத்து வாங்கிய வண்டியில் ஏறி ஊர்வலம் வருவதே பிறர் செய்யக் கூடியது. நாயுடு அவர்களோ அதனை வீட்டிற்குக் கொண்டுவந்து, ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றினார். பின்னர் அவ்வுறுப்புகளை மீண்டும் பூட்டினார். அவர் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் இதனை ஒரே வரியில் சொல்லிக் கடந்து விடுகின்றனர். நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. எஞ்சினைப் பிரித்த பழக்கமுடையோர் இம்மலரின் வாசகருள் பலர் உளர். அந்த ஒரு வரிக்குள் எத்துணை வேலை அடங்கியுள்ளது என்பதை அவர்கள் அறிவர்.

அக்காலத்து ரட்ஜ் வண்டிக்கு ஒற்றைச் சிலிண்டர். கொள்ளளவு ஏறத்தாழ 500 கன சென்டிமீட்டர். எஞ்சினின் விசை பெல்ட்டு மூலமாகப் பின் சக்கரத்திற்குச் செல்லும். இன்றைய கண்ணுக்கு எளிய அமைப்பே. எனினும் கழற்றுவது எளிது, பூட்டுவது அரிது என்பது ஒற்றைச் சிலிண்டருக்கும் பொருந்தும். சிலிண்டரை மேலே தூக்கியதும் பிஸ்டன் வெளிப்படும். அதன் தலையில் கரி அப்பியிருக்கும். பிஸ்டனுக்குக் கீறல் விழாமல் அதனைச் சுரண்ட வேண்டும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் வார்ப்பிரும்பாலானவை. சிறிது மிகுதியாக விரித்தாலும் ஒடிந்து போகும். ஒடிந்தால் அந்நாளில் கோவையில் மாற்று வளையம் எங்கே கிடைக்கும்? கப்பலில் வர வேண்டும். வால்வுகள் தம் இருக்கையில் இடைவெளியின்றிப் பொருந்தாவிடில் எரிவாயு கசிந்து எஞ்சின் வலுவிழக்கும். ஆதலால் அரைப்புப் பசையைத் தடவி, வால்வை இப்பக்கமும் அப்பக்கமுமாகத் திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். சுற்றிலும் ஒரே சீரான சாம்பல் நிற வளையம் தோன்றும் வரை தேய்க்க வேண்டும். கை சலித்து அரைகுறையாக விட்டவன் மறுநாள் மறுபடியும் பிரிக்க நேரும்.

இவற்றினும் நுட்பமானது காலப் பொருத்தம். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்குத் தண்டு இருமுறை சுழலும்பொழுது வால்வைத் தூக்கும் கேம் ஒருமுறையே சுழல வேண்டும். அதற்கெனப் பற்சக்கரங்கள் உண்டு. கழற்றும்பொழுது எந்தப் பல் எந்தப் பல்லோடு கூடியிருந்தது என்பதைக் குறித்து வைக்காதவன், பூட்டும்பொழுது ஒரு பல் தவறினாலும் போதும். வால்வு திறக்க வேண்டிய வேளையில் திறவாது, மூட வேண்டிய வேளையில் மூடாது. தீப்பொறி தரும் மாக்னெட்டோவும் அவ்வாறே. பொறி முந்தினால் எஞ்சின் எதிர்த்து உதைக்கும். பிந்தினால் சூடேறிச் சோர்ந்து போகும். வழிகாட்டும் நூலோ அருகிருந்து திருத்தும் ஆசானோ இன்றி இவ்வளவையும் செய்து முடிக்க வேண்டுமாயின், ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கே இருக்கின்றது என்ற கேள்வியை அவ்வுறுப்பிடமே கேட்டு விடை பெறுவது தவிர வேறு வழியில்லை. மூடிய எஞ்சின் மீண்டும் உயிர்பெற்று உறுமிய அந்நாளில் நாயுடு அவர்கள் பெற்ற பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்துப் பட்டத்திற்கும் இளைத்ததன்று என்பது நம் கருத்து.

அதன் பின்னர் அவர் மோட்டார் பழுது பார்ப்பவராகப் பணிபுரிந்தார். இடையே பருத்தி வாணிகத்தில் இறங்கிப் பொருளீட்டி, பம்பாய்ச் சந்தையில் அப்பொருளை இழந்தும் வந்தார். வாணிகம் கைவிட்ட இடத்தில் இயந்திரமே மீண்டும் கைகொடுத்தது. கோவையில் வாழ்ந்த ஆங்கிலத் தொழிலதிபர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் அவர்களின் துணையோடு 1920-ஆம் ஆண்டில் ஒரு பேருந்தை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டலானார். ஓட்டுநரும் அவரே, பழுது பார்ப்பவரும் அவரே. அவ்வொரு வண்டியிலிருந்து வளர்ந்ததே யூ. எம். எஸ். என மக்கள் அழைத்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். 1930-களில் அதன் பேருந்துகள் 200-க்கும் மேற்பட்டிருந்தன. தனியொருவர் முயற்சியில் இத்துணைப் பெரிய பேருந்துக் கூட்டம் அக்காலத்து இந்தியாவிலே அரிது. வண்டி வழியில் நின்ற பின் பழுது பார்ப்பதைவிட, நிற்பதற்கு முன்பே எஞ்சினின் அதிர்வைக் கொண்டு குறையை அறிவதற்கு ஒரு கருவியையும் அவர் அமைத்தார் என்பர். நம் சுரங்கத்தின் பழைய ஃபிட்டர்கள் இரும்புத் தண்டின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை இயந்திரத்தின் மேல் ஊன்றிப் பேரிங்கின் நிலையறிந்தது நினைவுக்கு வருகின்றது. அறிவு ஒன்றே, கருவிதான் வேறு.

பேருந்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1937-ஆம் ஆண்டில் கோவைப் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு இணைந்து நேஷனல் எலக்டிரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையில் மின் மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவிலேயே செய்யப்பெற்ற முதல் மின் மோட்டார் அதுவென்று போற்றப்படுகின்றது. நம் தங்க வயலுக்குச் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வந்துவிட்டது. ஆயினும் அம்மின்சாரத்தை உண்டு சுழன்ற பொறிகள் யாவும் கடல் கடந்து வந்தவை. கிணற்று நீரை இறைக்கவும் ஆலையை ஓட்டவும் நம் நாட்டுக் கைகளே மோட்டார் செய்யக்கூடும் என்று காட்ட மேலும் முப்பத்தைந்து ஆண்டுகள் தேவைப்பட்டன. பின்னாளில் கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்ற நகரமானதற்கு அத்தொழிற்சாலை ஒரு வித்து.

ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் பன்முறை சென்று தொழிற்கூடங்களைக் கண்டு வந்தார். உலர் மின்கலத்தால் இயங்கும் சவரக் கத்தி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, முறைகேடு செய்யவியலாத வாக்குப் பதிவுப் பொறி எனப் பலவற்றை அமைத்தார். 1941-ஆம் ஆண்டில், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என அறிவித்தார். பருத்தியிலும் பப்பாளியிலும் ஆராய்ச்சி செய்தார். 1967-ஆம் ஆண்டில் காலையில் அடித்தளமிட்ட வீட்டை அன்று மாலையே கட்டி முடித்துக் காட்டினார். பட்டியலை நீட்டினால் இம்மலரில் இடம் போதாது. இவற்றுள் எல்லாம் மக்கள் கையை எட்டினவா என்றால், இல்லை. ஒன்றைச் செய்து காட்டியதும் மற்றொன்றிற்குத் தாவும் மனம் அவருடையது என்று நமக்குத் தோன்றுகின்றது.

அவர் வாழ்க்கையில் நாம் மிகுதியும் எண்ணிப் பார்க்க வேண்டிய பகுதி கல்லூரிப் பகுதியே. 1945-ஆம் ஆண்டில் அவருடைய கொடையாலும் முயற்சியாலும், சென்னை மாகாண ஆளுநராயிருந்த ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியற் கல்லூரியும் எழுந்தன. அக்கல்லூரியே இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகின்றது. தொடக்கக் கல்வியோடு பள்ளியை நீங்கியவர் அதன் முதல்வர் ஆனார். பொறியியற் பட்டத்திற்கு நான்காண்டு தேவையில்லை, பட்டறையிலே பயிற்றினால் இரண்டாண்டு போதும் என்பது அவர் கொள்கை. அரசு அதனை ஏற்கவில்லை. அவர் பதவியைத் துறந்தார்.

இதில் யார் பக்கம் நியாயம்? பாலத்தின் சுமையையும் கொதிகலனின் அழுத்தத்தையும் கணக்கிடக் கணிதம் வேண்டும். அது ஸ்பானர் பிடித்த கையால் மட்டும் வருவதன்று. ஆதலின் இரண்டாண்டு என்று அவர் வரையறுத்ததை நாம் முழுதும் ஒப்பவில்லை. ஆனால் நான்காண்டு பயின்றும் ஒரு கார்புரேட்டரைத் தன் கையால் பிரித்தறியாத மாணவன் வெளிவருகின்றான் என்னும் அவர் குறைபாடு அன்றும் மெய், இன்றும் மெய். அரசு கொள்கையை மறுத்தது சரி. அக்குறையையும் சேர்த்து மறந்ததுதான் பிழை.

1952-ஆம் ஆண்டில் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய் எனக் குறித்தார். அதனைப் பெருமளவில் செய்வதற்கு அரசின் உரிமம் கிட்டவில்லை. கார் நின்று போயிற்று. உரிமமின்றித் தொழிலில்லை என்றிருந்த காலம் அது. கூலி வேலை செய்வோனும் ஒரு நாள் கார் வாங்கலாம் என்னும் கனவு ஒரு கோப்பிற்குள் அடங்கியது. அவ்வாண்டுகளில் வரிச்சுமையும் அரசின் புறக்கணிப்பும் அவரைக் கசப்புறச் செய்தன. தாம் செய்த கருவிகளுட் சிலவற்றைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்து தம் எதிர்ப்பைக் காட்டினார். பிரித்ததைப் பூட்டியே பெயர் பெற்ற கை, பூட்ட முடியாதபடி நொறுக்கியது இவ்வொரு முறைதான். அச்சினம் நமக்கு விளங்குகின்றது. ஆயினும் உடைந்த கருவியால் அரசுக்கு இழப்பில்லை. அதனைக் கண்டு கற்றிருக்கக்கூடிய ஏதோ ஒரு சிற்றூர்ச் சிறுவனுக்கே இழப்பு. அந்தச் சிறுவனாக ஒரு காலத்தில் தாமே இருந்ததை அவர் அன்று மறந்தார் போலும்.

1974-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் நாயுடு அவர்கள் மறைந்தார். அவர் பெயரால் அறநிலையமும், தொழிற்பயிற்சி நிலையமும், அவர் செய்த கருவிகளையும் திரட்டிய பொருள்களையும் கொண்ட காட்சிச் சாலையும் கோவை அவினாசிச் சாலையில் உள்ளன. அதே சாலையின் மேல் 2025-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் திறக்கப்பெற்ற, பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்திற்கும் அவர் பெயரே சூட்டப்பெற்றுள்ளது.

2015-ஆம் ஆண்டில் அவர் குடும்பத்தார் அங்கே ஜீடி கார் அருங்காட்சியகத்தைத் திறந்தனர். பல நாட்டுப் பழைய கார்கள் செப்பனிடப்பெற்று அங்கு வரிசையாக நிற்கின்றன. நம் ராபர்ட்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் லைன் வீட்டுத் திண்ணையில் பழைய வண்டியின் எஞ்சினைப் பிரித்துப் பரப்பி வைத்துக்கொண்டு, கரியெண்ணெய் படிந்த கையோடு அமர்ந்திருக்கும் இளைஞர்கள் ஒருமுறை அவற்றைக் காண வேண்டும். பங்காரப்பேட்டையில் ஏறினால் சோலார்ப்பேட்டை, சேலம் வழியாகக் கோவைக்கு இரயில் உண்டு. பழைய ரட்ஜ் வண்டியோ, அதனினும் பழைய காரோ, அதன் உறுப்புகளைப் பற்றி அவ்விளைஞர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்லக் கூடியவர்கள் நம் ஊரிலேயே இன்னும் சிலர் இருக்கின்றனர். போவோர் அவர்களையும் உடன் அழைத்துச் செல்க.