ஓட்டத்தின் மறைபொருள் கண்டவர்

கண்ணால் கண்டதும் பொய்யாகலாம், தீர ஆராய்ந்து அறிவதே மெய் என்பர் நம் முன்னோர். அம்முதுமொழிக்கு இலக்கணமாக வாழ்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ழூல் மாரே. விளையாட்டு வீரரின் அசைவுகளை அளந்து அவர்தம் திறனை வளர்க்கும் உயிர்விசையியல் துறைக்கு அடித்தளம் இட்டோருள் அவர் முதன்மையானவர்.

1830ஆம் ஆண்டு பிரான்சின் போன் நகரில் பிறந்த மாரே, மருத்துவம் பயின்றார். நாடித்துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் கருவியைச் செம்மைப்படுத்திப் புகழ் பெற்றார். குருதியின் ஓட்டத்தை ஆராய்ந்த அவர் உள்ளம், உடலின் ஓட்டத்தையும் ஆராய விழைந்தது. ஓடுபவரின் காலணிக்கு அடியில் காற்றறை அமைத்தார். அடி நிலத்தில் படுந்தோறும் எழும் அழுத்தம், இரப்பர்க் குழாய் வழியே சென்று, அவர் கையிலேந்திய கருவியில் பதிந்தது.

1882ஆம் ஆண்டு, நொடிக்கு 12 படங்கள் எடுக்கும் துப்பாக்கி வடிவ ஒளிப்படக் கருவியை உருவாக்கினார். அவ்வாண்டிலேயே பாரிசில் உடலியக்க ஆய்வுக்களம் ஒன்றும் தோன்றியது. அங்கே வீரருக்குக் கரிய உடை அணிவித்து, கைகால்களின் வழியே வெண்கோடுகளும் மூட்டுகளில் ஒளிரும் புள்ளிகளும் அமைத்து, கரிய பின்னணியில் ஓடச் செய்தார். உடல் மறைந்தது, அசைவு மட்டும் ஒரே தகட்டில் வரிசையாகத் தெரிந்தது!

அவருடைய உதவியாளர் ழோர்ஜ் தெமெனி, அசையும் படங்களை வணிகமாக்க விரும்பினார். கண் காண்பதையே மீண்டும் காட்டுவதில் மாரேக்கு நாட்டமில்லை. கண் காணத் தவறுவதைக் காட்டுவதே அறிவியல் என்று அவர் கருதினார். 1894ஆம் ஆண்டு இருவரும் பிரிந்தனர். பொருளும் புகழும் தரும் வாயிலை விடுத்து, மாரே ஆய்வின் வழியே நடந்தார்.

1900ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக் போட்டிகளின்போது, அமெரிக்க வீரர்கள் உள்ளிட்டோரின் அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். வெற்றி உடல்வலிமையால் மட்டும் வருவதா, அன்றி வலிமையைச் செலுத்தும் முறையாலும் வருவதா என்னும் வினாவிற்கு விடைகாண அவை துணைநின்றன. 1904ஆம் ஆண்டு மாரே மறைந்தார்.

இன்றைய ஆய்வுக்கூடங்களில் வீரரின் மூட்டுகளில் ஒட்டப்படும் ஒளிர்புள்ளிகளும், காலடி விசையை அளக்கும் மேடைகளும் அவர் காட்டிய நெறியின் வளர்ச்சியே. ஆடுகளத்தில் தோற்ற மாணவனைப் பிறவித்திறன் அற்றவன் என்று ஒதுக்குதல் எளிது. அவன் பிழை எந்த அசைவில் உள்ளது எனக் கண்டு திருத்துவதே ஆசிரியர் கடன். அக்கடனுக்குக் கருவி தந்த பெருந்தகை மாரே!