தரையில் பறந்த விமானம்

எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கரின் வரலாறு என்னை மிகவும் கவர்ந்தது. 1904-ல் பிறந்தவர்; தந்தையாரின் ஆர்கன் இசைக்கருவித் தொழிற்சாலையில் தொழில் பழகியவர். 1920-ல் முதல் விமானப் பாடத்தின்போது ஆசிரியர் விசைகளைத் தொடவே விடவில்லையாம்!

ஆர்கனுக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே, சாய்ந்து திரும்பும் சிறு விமானப் பெட்டியொன்றை 1929-க்குள் செய்து முடித்தார். வாங்கியவர்களோ பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்காரர்கள்!

1934-ல் தபால் சுமந்து சென்ற அமெரிக்க இராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் 6 பெட்டிகளை வாங்கியது.

உண்மை விமானத்தைப் போலவே அப்பெட்டி அசையவில்லை என்பது மெய்தான். ஆயினும், மூடிய கூண்டுக்குள் வெளியுலகைக் காணாது, கருவிகளின் முட்களை மட்டுமே நம்பிச் செலுத்தும் பழக்கத்தைத் தந்தது. விமானிக்கு அன்று வேண்டியிருந்தது அதுவே என்பேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஏறக்குறைய 5 இலட்சம் விமானிகள் அதில் பயின்றனர். லிங்க் 1981-ல் மறைந்தார்.