அதிர்வை அடக்கப் பார்த்தவர்: பஜிரோவுக்குள் இருக்கும் லான்செஸ்டர்

இலங்கையில் பெரிய எஸ்.யூ.வி. வாகனங்களை யாரும் அந்தப் பெயரில் அழைப்பதில்லை. எல்லாமே ஜீப்தான். அதிலும் பஜிரோ வந்து நின்றால் அமைச்சரோ அதிகாரியோ இறங்குகிறார் என்று அர்த்தம். வாகனங்களைச் சத்தத்தை வைத்தே அடையாளம் கண்ட தலைமுறை எங்களுடையது. உழவு இயந்திரமா, பவுசரா, பவல் கவச வாகனமா என்று பதுங்குகுழிக்குள் இருந்தபடியே சின்னப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள்.

அந்தப் பஜிரோவின் டீசல் எஞ்சினுக்குள், வாகனத்தை ஓட்டுவதற்கு எந்த உதவியும் செய்யாத இரண்டு தண்டுகள் சுழல்கின்றன. எஞ்சினின் நடுக்கத்தை அடக்குவது மட்டுமே அவற்றின் வேலை. அவற்றின் மூல யோசனை ஃபிரெட்ரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயருடையது. அவர் இறந்து 75 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இவர் 1868 ஒக்டோபர் 23ஆம் திகதி இலண்டனின் லூவிஷத்தில் பிறந்தார். தகப்பன் கட்டடக் கலைஞர். தாய் கணிதமும் இலத்தீனும் கற்பித்தவர். லான்செஸ்டர் புலமைப்பரிசில் பெற்று இலண்டனில் விஞ்ஞானம் படித்தாலும் பட்டம் எதுவும் இல்லாமலே வெளியேறினார். 1889இல் பர்மிங்காமில் எரிவாயு எஞ்சின் செய்யும் கம்பனி ஒன்றில் வாரம் ஒரு பவுண் சம்பளத்துக்குச் சேர்ந்தார்.

அந்தக் கால மோட்டார் கார்கள் குதிரை வண்டிக்கு எஞ்சின் பூட்டியவை போலத்தான் இருந்தன. நிற்கும்போதும் கிடுகிடுவென்று ஆடும். லான்செஸ்டர் தொடக்கத்திலிருந்தே ஆட்டத்தை முதல் எதிரியாகப் பார்த்தார். 1896இல் வீதிக்கு வந்த அவருடைய முதல் காரில் ஒற்றைச் சிலிண்டர். அடுத்ததில் இரண்டு சிலிண்டர்களை எதிரெதிராகப் படுக்க வைத்து, இரண்டு கிராங்க் ஷாஃப்டுகளை எதிர்த் திசைகளில் சுழல விட்டார். ஒன்றின் உதைப்பை மற்றது தின்றுவிடும். எழுத்தாளர் கிப்ளிங் அவருடைய கார்களை வாங்கி ஓட்டியவர். கிரிக்கெட் வீரர் ரஞ்சித்சிங்ஜி நவநகர் மன்னரான பிறகு பல லான்செஸ்டர் கார்களை வைத்திருந்தார்.

ஆனால் 1899இல் தொடங்கிய அவருடைய கம்பனி 1904இல் கடனில் விழுந்தது. வேறு பெயரில் மீண்டும் எழுந்தபோது கடிவாளம் பணம் போட்டவர்களின் கையில் இருந்தது. 1909இலிருந்து அவர் டைம்லர் கம்பனிக்கு ஆலோசகர். அவர் பெயர் இன்றும் நிலைப்பதற்கான வேலைகள் பெரும்பாலும் இந்த இரண்டு கட்டங்களையும் ஒட்டி வந்தவை.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும். எல்லாம் சமமாகிவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கம்பி சாய்ந்து சாய்ந்து போவதால், ஓட்டத்தின் மேல் பாதியைப் பிஸ்டன் கொஞ்சம் வேகமாகவும் கீழ்ப் பாதியைக் கொஞ்சம் மெதுவாகவும் கடக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு தடவை மேலும் கீழுமாக ஓர் உதைப்பு மிஞ்சும். எஞ்சின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடி நின்ற இடத்தில் உறுமும்போது அது செக்கனுக்கு 25 உதைப்பு. காது அதைப் பெரிதாகக் கேட்காது. முதுகெலும்பு கேட்கும். லான்செஸ்டர், ஒரு பக்கம் பாரம் கூடிய இரண்டு தண்டுகளை எதிரெதிர்த் திசைகளில், எஞ்சினைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சுழல வைத்தார். பக்கவாட்டு உதைப்புகள் ஒன்றையொன்று அழிக்கும். மேல்கீழ் உதைப்பு எஞ்சினின் உதைப்புக்கு எதிராக நிற்கும்.

இன்னொன்று ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கானது. அதன் நீண்ட கிராங்க் ஷாஃப்ட், ஈரத் துணியைப் பிழிவதுபோல முறுகி முறுகி விடுபடும். குறிப்பிட்ட வேகத்தில் அது உடையும் அளவுக்குப் போகும். அதன் நுனியில் உராய்வுத் தட்டுகளுடன் சிறிய சக்கரம் ஒன்றைப் பூட்டி, முறுகும் சக்தியை வெப்பமாக்கிக் கரைத்தார். இன்று எஞ்சினின் முன்பக்கக் கப்பியில் றப்பர் வளையமாக இருப்பது அந்தச் சக்கரத்தின் பேரப்பிள்ளை.

இதெல்லாம் எனக்கு எம்பிலிப்பிட்டியவில்தான் தொடங்கியது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை திறக்கப்படாததால் பாவித்த ஜீப்புகளின் விலை எங்கோ போய்விட்டது. அத்தான் கடன்பட்டு, பத்திரிகை விளம்பரம் பார்த்து, கிளிநொச்சியிலிருந்து அவ்வளவு தூரம் வந்திருந்தார். கூட நானும் போனேன். மாமிக்கு 2009இல் பட்ட எறிகணைத் துண்டு இன்னும் முதுகில் இருக்கிறது. ஓட்டோவில் பத்து நிமிடம் இருந்தாலே அழுதுவிடுவா. கிளினிக்குக்குப் போய்வர, சாய்ந்து படுக்கக்கூடிய வாகனம் வேண்டும்.

எம்பிலிப்பிட்டிய என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது 1989-90இல் காணாமல் ஆக்கப்பட்ட பாடசாலை மாணவர்கள். 1999இல் இரத்தினபுரி மேல் நீதிமன்றம் ஓர் அதிபரையும் இராணுவத்தினரையும் அந்த வழக்கில் குற்றவாளிகளாகக் கண்டது. இரவில் வாகனச் சத்தம் கேட்டு நடுங்கிய தாய்மார் வடக்கில் மட்டும் இருந்தவர்கள் அல்லர்.

கஹவத்தைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்த மெக்கானிக் ஒருவர் ஜீப்பைப் பார்க்க வந்தார். எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கில் உள்ளங்கையை வைத்தார். ஏ.சி.யைப் போட்டு மறுபடி வைத்தார். பிறகு மூடியைக் கழற்றிக் காட்டினார். சமநிலைத் தண்டுகளைச் சுழற்றும் சின்ன பெல்ட் அங்கே இல்லை. பஜிரோவின் 2.5 லீற்றர் டீசல் எஞ்சினில் அந்தப் பெல்ட் அறுந்தால் பக்கத்தில் உள்ள டைமிங் பெல்ட்டில் சிக்கி எஞ்சினையே நாசமாக்கக்கூடும். அதற்குப் பயந்து சில கராஜ்களில் அதைக் கழற்றிவிடுவார்கள். எஞ்சின் ஓடும். நடுக்கம் திரும்பி வந்துவிடும். வண்டியைக் காட்டியவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மற்றக் குறைகளைப் பிரித்தறியவும் அவர் வழி சொன்னார். நிற்கும்போது ஆட்டம் என்றால் எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்டிங்கைச் சந்தேகப்பட வேண்டும். ஓடும்போது நியூட்ரலில் விட்டும் ஆட்டம் குறையாவிட்டால், அது டயரிலோ சக்கரத்திலோ புரொப்பெல்லர் ஷாஃப்டிலோ உள்ள கோளாறு. எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறைந்தால் எஞ்சின் பக்கம். பாட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டிக் காட்டுகிறவரை நிறுத்தச் சொல்லுங்கள் என்பது என்னுடைய சேர்க்கை. அந்த ஜீப்பை அத்தான் வாங்கவில்லை.

திரும்பும் வழியில் அந்தத் தண்டுகள் யாருடைய மூளை என்று தேடினேன். லான்செஸ்டரின் பெயர் கிடைத்தது. கூடவே நான் எதிர்பார்க்காத இன்னொரு லான்செஸ்டரும் கிடைத்தார்.

1914இல், உலக யுத்தம் தொடங்கிய ஆண்டில், அவர் சண்டைக்கு ஒரு கணக்கு எழுதினார். 1916இல் அது நூலாக வந்தது. ஒவ்வொருவரும் எதிரியில் எவரையும் தூரத்திலிருந்து சுடக்கூடிய நவீன யுத்தத்தில், படையின் பலம் எண்ணிக்கையோடு அல்ல, எண்ணிக்கையின் வர்க்கத்தோடு கூடும் என்றார். சம ஆயுதத்தோடு 1,000 பேர் இரு பக்கமும் இருக்கட்டும். ஒரு பக்கம் 500, 500 ஆகப் பிரிந்து நின்றால், மற்றப் பக்கம் முதல் 500ஐ முடித்த பின்னும் அதில் 866 பேர் மிஞ்சுவார்கள். அடுத்த 500ஐயும் முடித்தால் 707 பேர். எதிரியைப் பிரி, உன்னைச் சேர்த்து வை என்ற பழைய பாடத்துக்கு இது கணித வடிவம். இன்றும் இராணுவ ஆய்வுகளில் இது லான்செஸ்டர் விதி.

இந்தக் கணக்கை வன்னியில் இருந்த ஒருவரால் வெறும் கணக்காக வாசிக்க முடியாது. அதில் இரண்டு பக்கங்களுக்கு இரண்டு எழுத்துகள் உண்டு. நடுவில் தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு எழுத்து இல்லை. அதற்காக லான்செஸ்டரைக் குற்றம் சாட்டுவதும் சரியாகாது. விமானச் சிறகு எப்படித் தூக்குவிசை பெறுகிறது என்பதையும் அவர் இதே கையால்தான் எழுதினார். 1897இல் அந்தக் கட்டுரையை ஒரு விஞ்ஞானச் சங்கம் திருப்பி அனுப்பியது. பின்னர் உலகம் ஏற்றுக்கொண்டது. 1922இல் அவர் றோயல் சங்க உறுப்பினரானார்.

பணம் மட்டும் சேரவில்லை. 1929இல் டைம்லருடனான தொடர்பு முடிந்தது. அவருடைய பெயரைத் தாங்கிய கார்க் கம்பனி 1931இல் டைம்லரை வைத்திருந்தவர்களுக்கே கைமாறியது. ஒலிபெருக்கிகளும் வானொலிகளும் செய்த சொந்த ஆய்வுகூடத்தையும் 1934இல் மூட வேண்டியதாயிற்று. அவருக்குப் பார்க்கின்சன் நோய். உடல் நடுங்கும் நோய் அது. பார்வையும் மங்கியது. கடைசி வருடங்களில் நிதியுதவி அமைப்புகளின் கொடுப்பனவுதான் அவரையும் மனைவி டொரோதியாவையும் வறுமையிலிருந்து காத்தது. பிள்ளைகள் இல்லை. 1946 மார்ச் 8ஆம் திகதி பர்மிங்காமில் தன் வீட்டில் இறந்தார்.

29 ஆண்டுகள் கழித்து, 1975இல், மிட்சுபிஷி அந்த யோசனையைச் செம்மைப்படுத்தி, சைலன்ட் ஷாஃப்ட் என்ற பெயரில் தன் எஞ்சின்களில் பூட்டியது. அதன் உரிமத்தைப் போர்ஷே கம்பனியும் வாங்கியது. 1982இல் முதல் பஜிரோ விற்பனைக்கு வந்தது.